கிளிக்கை விட முள் நல்லது: பீம் டோர்க் ரென்சுக்கு ஒரு வக்காலத்து



போன எபிசோடின் கடைசியில், வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டிய கருவிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் போகிற போக்கில் ஒன்று சொன்னேன். "டோர்க் ரென்ச் வாங்குறதெண்டால் கிளிக் பண்ணுறதை வாங்காதேங்கோ, முள் வைச்சதை வாங்குங்கோ." அவ்வளவுதான். இந்தக் கிழமை இன்பொக்ஸ் முழுக்க அதற்கான பதில்கள். பாதிப் பேர் "அதென்ன முள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சப் பேர், கராஜில் வேலை செய்கிற இரண்டு அண்ணாமார் உட்பட, "உனக்கு மரை கழண்டு போச்சோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. மைக்குக்கு முன்னால் விளக்க நேரம் போதவில்லை, அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தொழில் கொம்பியூட்டர். மெக்கானிக் நான் இல்லை, என் அப்பா. இந்தக் கதையில் அவரும் வருவார்.

அரிசி மூட்டைக் கணக்கு

ஒரு நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. அந்த முறுக்கும் விசையைத்தான் டோர்க் என்கிறோம், நியூட்டன் மீட்டரில் அளக்கிறோம். கணக்கு சுகம். நீங்கள் கொடுக்கிற விசையை, நட்டின் நடுவிலிருந்து உங்கள் கை இருக்கிற தூரத்தால் பெருக்கவேண்டும். அரை மீட்டர் நீளமான ஒரு ஸ்பானரை நட்டில் மாட்டி, கிடையாக வைத்து, அதன் நுனியில் டூட்டிங் தமிழ்க்கடையில் வாங்கின 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால், நட்டுக்குப் போவது கிட்டத்தட்ட 98 நியூட்டன் மீட்டர். என்னுடைய யாரிஸின் சில்லு நட்டுக்குக் கையேட்டில் போட்டிருப்பது 103. அதாவது அரிசி மூட்டையோடு ஒரு கிலோ பருப்பையும் சேர்த்துத் தொங்கவிடவேண்டும்.

இதற்குக் குறைந்தால் நட் மெல்ல மெல்லக் கழரும், ஓடுகிற காரில் சில்லு ஆடத்தொடங்கும். கூடினால் போல்ட் இழுபட்டு நீளும், மரை அறுந்துபோகும், அல்லது மழைக்குள்ளே மோட்டர்வே ஓரத்தில் டயர் மாற்றவேண்டி வரும் நாளில் உங்களால் அந்த நட்டைக் கழற்றவே முடியாது.

கிளிக் ரென்சை நீங்கள் கண்டிருப்பீர்கள். கைப்பிடியின் அடியைத் திருகி 103 என்று வைக்கவேண்டும். உள்ளே ஒரு சுருள் வில்லு அமத்துப்பட்டு நிற்கும். இழுக்கும்போது அந்த அளவு வந்தவுடன் "டக்" என்று சத்தம் வரும், கையிலும் ஒரு சின்ன உதறல் தெரியும். முடிந்தது, அடுத்த நட்.

பீம் ரென்ச் அதைவிடப் பழைய சாமான். 1930களில் அமெரிக்காவில் பால் ஸ்டர்டவான்ட் என்பவர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் உருவம் பெரிதாக மாறவில்லை. ஒரு நீளமான உருக்குக் கம்பி, ஒரு பக்கம் சொக்கெட் மாட்டும் தலை, மற்றப் பக்கம் கைப்பிடி. அந்தத் தலையிலிருந்தே இன்னொரு மெல்லிய கம்பி கைப்பிடிப் பக்கமாக நீண்டு வரும். அந்த மெல்லிய கம்பிக்கு ஒரு பாரமும் இல்லை, சும்மா நிற்கும். அதுதான் முள். கைப்பிடிக்குக் கிட்ட, தடித்த கம்பியில் ஒரு தகடு பூட்டி அதில் எண்கள் எழுதியிருக்கும். நீங்கள் இழுக்கும்போது தடித்த கம்பி வளையும், முள் வளையாது. தகடு முள்ளுக்குக் கீழே நகரும். முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் டோர்க்.

உள்ளே ஒன்றுமில்லை. வில்லு இல்லை, பல்லுச்சக்கரம் இல்லை, பற்றரி இல்லை. இதற்குப் பின்னால் இருக்கிற ஒரே விதி, விசை இரண்டு மடங்கானால் வளைவும் இரண்டு மடங்காகும் என்பது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஹூக்கின் விதி. ரொபர்ட் ஹூக் அதை 1678இல் வெளியிட்டபோது லண்டன் சிற்றியில்தான் இருந்தார். நோர்தேர்ண் லைனில் டூட்டிங் பிராட்வேயிலிருந்து பாங்க் வரை போய் வெளியே வந்தால், கொஞ்சம் நடக்கும் தூரத்தில் நிற்கிற மொனுமென்ட் தூணை கிறிஸ்டோபர் ரென்னோடு சேர்ந்து வடிவமைத்தவரும் அவர்தான்.

சத்தம் வரும் என்று காத்திருந்த நாள்

நான் கிளிக் ரென்சை வெறுக்கத் தொடங்கிய கதை இது. பிழை முழுக்க என்னுடையது.

யூலெஸ் டூட்டிங்கையும் பிடித்த 2023 ஆகஸ்ட் வரைக்கும் எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. யூடியூப் பார்த்து அதற்கு நானே எஞ்சின் ஒயில் மாற்ற வெளிக்கிட்டேன். ஒயிலை வடித்தபிறகு சம்ப் பிளக்கைத் திருப்பிப் பூட்டவேண்டும். முப்பது சொச்சம் நியூட்டன் மீட்டர் போதும். என்னிடம் இருந்தது 40இலிருந்து 200 வரை போகிற கிளிக் ரென்ச். 40க்குக் கொஞ்சம் கீழே திருகி வைத்துவிட்டு இழுத்தேன். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்துக்கொண்டே இழுத்தேன். கடைசியில் வந்தது கிளிக் இல்லை. கை சடாரென்று லேசாகிப் போனது. அலுமினிய சம்பின் மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

சின்ன அளவுகளில் அந்தக் கிளிக் மிகவும் மெல்லியதாக இருக்கும், சில நேரம் வரவே வராது. கிளிக் ரென்சை அதன் அளவெல்லையின் அடிப்பகுதியில் பாவிக்கக்கூடாது என்பது கராஜ்காரர் எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாருங்கள், இழுத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து விநாடியிலும் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்ல அந்தக் கருவியிடம் ஒரு வழியும் இல்லை. 20இல் நிற்கிறேனா, 60ஐத் தாண்டிவிட்டேனா? அதற்குத் தெரிந்தது இரண்டே பதில். "இன்னும் இல்லை", "ஆச்சு". "ஆச்சு" என்று சொல்கிற பகுதி வேலை செய்யாவிட்டால், முடிவே இல்லாமல் "இன்னும் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

நம்மில் கனபேர் ஐடியில் இருக்கிறபடியால் உங்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு கொன்ட்ராக்டில் நான் போய்ச் சேர்ந்த இடத்தில், இரவு பக்கப் பிழைத்தால் ஈமெயில் வரும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒன்பது நாளாக ஈமெயில் வரவில்லை, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு பார்த்தால் ஈமெயில் அனுப்புகிற ஸ்கிரிப்டே செத்துப்போயிருந்தது. நல்ல காலம், அந்த ஒன்பது நாளில் யாருக்கும் பக்கப் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் ஒரே பல்லவிதான் பாடுகிறேன். பிழை வந்தால் மட்டும் சத்தம் போடுகிற அலேர்ட்டை மட்டும் நம்பாதீர்கள், எப்போதும் ஒரு எண்ணைக் காட்டுகிற ஒரு டாஷ்போர்டும் வையுங்கள்.

பீம் ரென்ச் அப்படிப்பட்ட டாஷ்போர்ட். இழுக்கத் தொடங்கிய கணத்திலிருந்து 10, 20, 30 என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். எண் ஏறாமல் நட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் மரை இளகுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தலாம். அன்றைக்கு என் கையில் முள் இருந்திருந்தால் அந்த சம்ப் தப்பியிருக்கும்.

முள்ளின் நல்ல குணங்கள்

முதலாவது, தன் பிழையைத் தானே காட்டும். சும்மா வைத்திருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கவேண்டும். நிலத்தில் விழுந்து முள் வளைந்திருந்தால், பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கண்ணால் பார்க்கலாம், விரலால் மெல்ல வளைத்துச் சரிப்படுத்தலாம். கிளிக் ரென்ச் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அளவு மாறியிருக்கும், ஆனால் கிளிக் வழக்கம்போல வடிவாகக் கேட்கும்.

இரண்டாவது, பராமரிப்பு இல்லை. கிளிக் ரென்சைப் பாவித்து முடித்ததும் அளவைக் குறைத்து வில்லைத் தளர்த்தி வைக்கவேண்டும். 103இலேயே விட்டு ஒரு வருசம் காரின் பூட்டில் கிடந்தால் வில்லு களைத்துப்போகும். டோர்க் ரென்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், பாவிப்பவர் வேறு ஒழுங்கு வைத்திராவிட்டால் 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 தடவை பாவித்தபிறகு சோதிக்கச் சொல்கிறது. வீட்டில் இருக்கிற யார் அதைச் செய்கிறோம்? பீமில் தேய்வதற்கு எதுவுமே இல்லை. அளவுக்கு மிஞ்சி வளைக்காதவரை உருக்கு தன் பழைய நிலைக்குத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் அளக்கும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் எண்கள் இருக்கும். சைக்கிளின் இடப்பக்கப் பெடல் மரை மறுபக்கமாகத்தான் இறுகும் என்று தெரியும்தானே. கனக்கக் கிளிக் ரென்சுகள் ஒரு பக்கத்துக்குத்தான் அளவு காட்டும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். பீம் ரென்ச் ஒரு மீற்றர். ஏற்கனவே இறுக்கியிருக்கிற நட் எவ்வளவில் அசைகிறது என்று பார்க்கலாம். இன்னொருவர் எவ்வளவு இறுக்குகிறார் என்றும் பார்க்கலாம். இங்கேதான் அப்பா வருகிறார்.

கைக்கணக்கு

அப்பா கொக்குவிலில் ஒரு கராஜில் தொழில் பழகினவர். ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் உலகத்தின் மற்ற இடங்களில் மியூசியத்துக்குப் போன பிறகும் ஹயரிங் ஓடிக்கொண்டிருந்தன. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லை, ஸ்பெயார் பார்ட்ஸ் இல்லை. ஒரு துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்பா அதற்கு முன்னமே லண்டன் வந்துவிட்டார். அவரோடு பழகினவர்கள்தான் அங்கே நின்று அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் கராஜில் டோர்க் ரென்ச் என்ற சாமானை யாரும் கண்டதில்லை. ஒரு போல்ட் முறிந்தால் இன்னொன்று கிடைக்காது என்கிற இடத்தில், கைதான் அளவு.

லண்டனில் அப்பா இரவில் பெற்றோல் ஸ்டேசனில் நின்றார், பகலில் சொந்தக்காரரின் கார்களைத் திருத்தினார். நான் சென். ஜோர்ஜ் ஆஸ்பத்திரியில் பிறந்து, எங்கள் தெரு ஓரத்தில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த பிள்ளை. "எவ்வளவு இறுக்கவேணும் அப்பா?" என்று கேட்டால் "கை சொல்லும்" என்பார். என் கைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

சம்ப் கதைக்குப் பிறகு 20 பவுண் சொச்சத்துக்கு ஒரு பீம் ரென்ச் வாங்கினேன். வந்த அன்றே ஒரு விளையாட்டு. அப்பாவை முள்ளைப் பார்க்காமல் இழுக்கச் சொன்னேன், நான் பார்த்தேன். யாரிஸின் ஒரு சில்லு, நான்கு நட். 98, 105, 101, 96. கையேடு சொல்வது 103. மனிசன் ஒருநாளும் கையேட்டைத் திறந்ததில்லை. பிறகு நான் இழுத்தேன். 74, 131, 88, 120.

அதற்குப் பிறகு நான் கை பழகினேன். கண்ணை மூடி இழுப்பேன், "போதும்" என்று தோன்றியதும் நிறுத்திக் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்ப்பேன். ஒரு வருசத்துக்குள் 90க்கும் 115க்கும் நடுவில் வந்துவிட்டேன். அப்பாவுக்குச் சொல்லத் தெரியாத ஒன்றை முள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கிளிக் ரென்சால் இதைச் செய்ய முடியாது, அது ஒரு எண்ணையும் காட்டாது.

போன நவம்பரில் அதே விளையாட்டைத் திருப்பி விளையாடினோம். குளிர்கால டயர் பூட்டும் நாள். அப்பா இழுத்தார், வழக்கம்போலத் தலையை ஆட்டி "சரி" என்றார். 71. அடுத்தது 78. பிறகு 66. பிறகு 80.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எண்களை மட்டும் வாசித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ரென்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "முள் பிழையாக்கும்." முள் பூச்சியத்தில்தான் நின்றது. அதையும் நம்பவில்லை. ரென்சின் சதுரத் தலையை வைஸில் கிடையாகப் பூட்டினார். குசினிக்குள் போய் 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குளியலறைத் தராசில் நிறுத்தும் பார்த்தார். கைப்பிடியின் நடு ஆணிக்கு நேரே, தலையிலிருந்து சரியாக அரை மீட்டரில் கட்டித் தொங்கவிட்டார். முள் 50க்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. கணக்குப்படி 49 வரவேண்டும். அப்பா கொஞ்ச நேரம் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "போன கிழமை பெரியம்மான்ர காருக்கும் நான்தான் சில்லுப் பூட்டினனான்" என்றார்.

அன்று பின்னேரமே மிட்சம் போனோம். பெரியம்மாவின் கார் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கும் பக்கம் இழுத்துப் பார்த்தேன். எழுபதுகளில் அசைந்தன. ஒன்று அதற்கும் முன்னால். எல்லாவற்றையும் தளர்த்தி, அந்தக் காருக்குரிய அளவில் திருப்பி இறுக்கினோம். பெரியம்மா அந்தக் காரில்தான் ஒவ்வொரு ஞாயிறும் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவா. எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம்.

நான் அப்பாவிடம் "உங்களுக்கு வயசு போச்சு, இனி காரைத் தொடாதேங்கோ" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒரு அப்பா இருப்பார். கிளிக் ரென்சைக் கொடுத்திருந்தாலும் சரிவந்திருக்காது. "இந்தச் சாமான் பிழை" என்று அவர் சொல்லியிருப்பார், எனக்கும் பதில் இருந்திருக்காது, ஏனென்றால் அதைத் திறந்து காட்ட வழியில்லை. இது அவர் தன் கையாலேயே அரிசியைத் தொங்கவிட்டுச் சோதிக்கக்கூடிய கருவி. அதனால் அவர் ஏற்றுக்கொண்டார். ஆளை நம்பாதவரும் கணக்கைச் சரிபார்க்க முடிந்தால் நம்புவார். என் வக்காலத்தின் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

கராஜ் அண்ணாமாரின் பக்கம்

இனி மற்றப் பக்கம். அவர்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது.

முள்ளை நேரே மேலே இருந்து பார்க்கவேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் சில நியூட்டன் மீட்டர் கூடக்குறையத் தெரியும். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும். தெரு விளக்கின் வெளிச்சத்தில், சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு கையால் இழுத்து மற்றக் கையில் போன் டோர்ச் பிடித்து முள்ளை வாசித்துப் பாருங்கள். நான் எத்தனையோ தடவை தூஷணம் சொல்லியிருக்கிறேன். எஞ்சினுக்குப் பின்னால், கை மட்டும் போகிற இடத்தில் இருக்கிற போல்ட்டுக்கு இது சரிவராது. அங்கே காது கேட்டால் போதும் என்கிற கிளிக்தான் வேண்டும்.

ராட்செட் இல்லை. ஒரு சுற்றுக்கு நாலைந்து தடவை கழற்றி மாட்டவேண்டும். ஒருநாளைக்கு இருபது கார் பார்க்கிற கடையில் இதை வைத்து வேலை செய்யச் சொன்னால் நான் அடிதான் வாங்குவேன். அங்கே களைத்த கைக்கும் களைத்த கண்ணுக்கும் ஒரே மாதிரிப் பதில் சொல்கிற கிளிக் தேவை. அதைக் காலத்துக்குக் காலம் சோதிக்கவும் அவர்களிடம் ஒழுங்கு இருக்கும்.

பிடிக்கும் இடமும் முக்கியம். நல்ல பீம் ரென்சில் கைப்பிடி ஒரு ஆணியில் ஆடிக்கொண்டு நிற்கும். அந்த ஆணியில்தான் பாரம் விழவேண்டும். கைப்பிடியின் ஒரு முனை கம்பியில் முட்டினால் வளைவின் வடிவம் மாறும், முள் பொய் சொல்லும். இது சொல்லித்தராமல் யாருக்கும் தெரியவராது.

அளவுகோலும் பருமன். பெரும்பாலும் 5 அல்லது 10க்கு ஒரு கோடு. கொலியர்ஸ் வூட்டிலிருந்து டூட்டிங் வழியாகச் சிற்றிக்குப் போகிற சைக்கிள்வே 7இல் கார்பன் சைக்கிளில் பறக்கிற தம்பிமாரே, உங்கள் சீட்போஸ்டுக்கு 5 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். கார் ரென்ச் அங்கே உதவாது, சின்னதாக வேறு வாங்கவேண்டும். பார்க் டூல் முந்தி சைக்கிளுக்கென்றே பீம் ரென்ச் செய்தது, இப்போது அவர்களும் கிளிக்குக்கு மாறிவிட்டார்கள்.

பழைய அமெரிக்க ரென்சுகளில் அடி பவுண்ட் அளவு இருக்கும். 103ஐ அடி பவுண்டில் இறுக்கினால் அது கிட்டத்தட்ட 140 நியூட்டன் மீட்டர். சரியான எண் 76. எந்தப் பக்க எண்ணைப் பார்க்கிறீர்கள் என்று இரண்டு தரம் பாருங்கள்.

இரண்டு ரென்சும் சொல்லாத ஒன்று

கடைசியாக, இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கும்போது மறந்துபோகிற விசயம். சில்லைப் பிடித்து வைத்திருப்பது டோர்க் இல்லை. இறுக்கும்போது போல்ட் ஒரு ரப்பர் மாதிரி மிகச் சின்னதாக இழுபடுகிறது. அந்த இழுவைதான் சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கொடுக்கிற டோர்க்கில் கிட்டத்தட்டப் பாதி நட்டின் முகத்தில் உராய்வாகப் போகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் உராய்வாகப் போகிறது. போல்ட்டை இழுப்பதற்கு மிஞ்சுவது சுமார் 10 சதவீதம்தான்.

அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலே எல்லாம் மாறும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அப்பா போல்ட்டுக்குக் கிரீஸ் பூசுவார். காய்ந்த மரைக்குச் சொன்ன 103ஐக் கிரீஸ் பூசின மரையில் கொடுத்தால், போல்ட்டின் இழுவை மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். ரென்ச் சரியாக 103 என்றுதான் சொல்லும். நூற்றுக்கு நாலு பிழை விடுகிற ரென்சா, ஆறு பிழை விடுகிற ரென்சா என்று கடையில் நின்று யோசிக்கிறோம். மரையில் இருக்கிற ஊத்தையும் கிரீசும் அதைவிட எத்தனையோ மடங்கு பிழையைக் கொண்டுவரும். கையேடு பூசச் சொல்லாவிட்டால் பூசாதீர்கள். கம்பித் தூரிகையால் துடைத்துச் சுத்தமாகப் பூட்டுங்கள்.

அப்போ எதை வாங்குவது?

முதல் ரென்ச் பீமாக இருக்கட்டும். விலை குறைவு, பெட்டிக்குள் பத்து வருசம் கிடந்தாலும் எடுத்துப் பாவிக்கலாம், முக்கியமாக உங்கள் கைக்குப் பாடம் சொல்லித்தரும். வேலை கூடி, இடுக்குகளுக்குள் கை விடத் தொடங்கினபிறகு ஒரு கிளிக் வாங்குங்கள். வாங்கின கிளிக்கை அவ்வப்போது பீமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் இருந்தால் டிஜிட்டல் ரென்ச் எண்ணையும் காட்டும், சத்தமும் போடும். பற்றரி செத்தால் இரண்டும் இல்லை. புது எஞ்சின்களின் ஹெட் போல்ட்டுக்கு டோர்க்கோடு எத்தனை பாகை திருப்பவேண்டும் என்றும் அளக்கவேண்டும். அது வேறு உலகம், வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

எதை வாங்கினாலும் சில்லு நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்குங்கள். கடைசி இறுக்கலை, ஜக்கை இறக்கிச் சில்லு நிலத்தில் நின்றபிறகு செய்யுங்கள். ஒரு 50 கிலோமீட்டர் ஓடினபிறகு திருப்பி ஒருமுறை பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்பாவுக்குக் கண்ணில் புரை, முள்ளை வடிவாக வாசிக்க முடியாது. பீம் ரென்சின் மிகப் பெரிய குறை இதுதான், அதற்குப் பார்க்கிற கண் வேண்டும். அதனால் அப்பா இழுப்பார், நான் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணைச் சொல்லுவேன். "எண்பது. தொண்ணூறு. இன்னும் கொஞ்சம் அப்பா. நூறு. சரி, காணும்." சிலவேளை 90இலேயே நிறுத்திவிட்டு "போதும்தானே?" என்று என் முகத்தைப் பார்ப்பார். "இல்லை, இன்னும்" என்பேன். மறுபேச்சில்லாமல் இழுப்பார்.

அடுத்த கிழமை எபிசோடில் கராஜ் அண்ணாமாரில் ஒருவர் வருகிறார். கிளிக் ரென்சையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அரிசி மூட்டை நான் கொண்டுவருவேன்.

சந்திப்போம்.